பாவத்தின் எடை

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. பொன்னை நிறுக்கத் தராசு உண்டு. நிலத்தை அளக்கக் கோலும் கயிறும் உண்டு. மனிதன் செய்யும் பாவத்தை அளக்க யாது கருவி உண்டு? பசியால் ஒரு பிடி சோறு திருடியவனும், ஊர் பசித்திருக்கத் தன் களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவனும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத் தக்கவர்களா? சினத்தில் கடுஞ்சொல்லை வீசியவனும் கத்தியை வீசியவனும் ஒரே குற்றத்துக்கு உரியவர்களா?

நீதிமன்றம் இவ்வினாவுக்கு விரைவில் விடை தந்துவிடும். குற்றத்துக்கு ஏற்ற தண்டனை என்பது அதன் நெறி. ஆனால், பாவம் என்பது மனிதர் வகுத்த சட்டத்தை மீறுவது மட்டுமன்று, இறைவனுக்கே எதிராக நிற்பது என்று கருதும் சமயத்தில் விடை அத்துணை எளிதன்று. எல்லையில்லாத தூய்மையின் முன்னே சிறு கறை, பெருங் கறை என்னும் வேறுபாடு உண்டா? கறை என்றால் கறைதானே?

கிறிஸ்தவ சமயம் இவ்வினாவோடு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் மல்லாடி வந்துள்ளது. பாவத்தில் சிறியதும் பெரியதும் இல்லை, அனைத்தும் ஒன்றே என்று கூறும் கிறிஸ்தவரும் உளர். சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டாகப் பகுத்துப் பேசும் கிறிஸ்தவரும் உளர். இது ஏட்டளவில் நின்ற ஆராய்ச்சி அன்று. ஒரு காலத்தில் ஒரு நகரத்தில் பெருந்திரளான மக்களின் வாழ்வே இவ்வினாவின் விடையைச் சார்ந்து நின்றது. அந்த நகரத்திலிருந்து தொடங்குவதே முறை.

கார்த்தேஜ் நகரின் துயரம்

வட ஆப்பிரிக்காவில், இன்று துனிசியா எனப் பெயர் பெற்றுள்ள நாட்டின் கடற்கரையில், கார்த்தேஜ் என்னும் பெருநகர் இருந்தது. உரோமப் பேரரசின் செல்வம் கொழித்த நகரங்களுள் அதுவும் ஒன்று. கி.பி. 249-இல் அரியணை ஏறிய டெசியஸ் என்னும் பேரரசர், குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, மது வார்த்து, பலியின் இறைச்சியைச் சுவைத்தல் வேண்டும் என ஆணையிட்டார். அவ்வாறு செய்தோருக்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்து நாட்டில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தாம் என்றென்றும் தேவர்களை வழிபட்டு வந்தவர் என்னும் உறுதிமொழியும் சாட்சியின் ஒப்பமும் அவற்றில் காணப்படுகின்றன.

கார்த்தேஜ் நகரக் கிறிஸ்தவர்களுள் சிலர் சிறை சென்றனர். சிலர் வதைபட்டு மாண்டனர். ஆயினும், மிகப் பலர் பணிந்துவிட்டனர். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும் கேளாமல், இன்றே பலியிட விடுங்கள் என்று கெஞ்சியோரும் இருந்தனர் என அந்நகரின் ஆயர் சிப்ரியான் வேதனையோடு எழுதியுள்ளார். வேறு சிலர் மற்றொரு வழியைக் கண்டனர். பலிபீடத்தின் அருகே செல்லாமலே, அதிகாரிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டனர்.

கி.பி. 251-இல் டெசியஸ் போர்க்களத்தில் மடிந்தார். புயல் ஓய்ந்தது. தலைகுனிந்து நின்ற மக்கள் மீண்டும் திருச்சபையின் வாயிலுக்கு வந்தனர். அவர்களை ஏற்பதா, மறுப்பதா? ஏற்பதாயின் எவரை எப்போது ஏற்பது?

சிறையில் வாடிய வீரர்கள் இரக்கம் மிகுந்து மன்னிப்புச் சீட்டுகளை வழங்கத் தொடங்கியிருந்தனர். ஒருவர் பெயரைக் குறித்து, அவரும் அவரைச் சேர்ந்தோரும் ஏற்கப்படுக என எழுதிய சீட்டுகளும் இருந்தன. அச்சீட்டின் நிழலில் இருபது பேரும் முப்பது பேரும் உரிமை கோரி நுழையக் கூடும் எனச் சிப்ரியான் அஞ்சினார். மறுபுறம், உரோம் நகரில் நொவாசியன் என்னும் கல்விமான், மறுதலித்த எவருக்கும் திருச்சபை மன்னிப்பு வழங்குதல் ஆகாது என்று பிடிவாதமாக நின்றார். ஒரு சாரார்க்கு எல்லாப் பாவமும் எளிதில் கழுவத் தக்கது. மறு சாரார்க்கு எல்லா வீழ்ச்சியும் ஒரே வீழ்ச்சி. இரு சாராரும் மனிதரைத் தனித்தனியே நோக்க மறந்தனர்.

சிப்ரியானின் நிலையும் எளிதானதன்று. கொடுமை தொடங்கியபோது அவரே நகரை விட்டு மறைந்து வாழ்ந்தவர். மறைவிடத்திலிருந்து கடிதங்கள் வாயிலாகவே சபையை நடத்தியவர். ஓடியவர் நின்றவரையும் வீழ்ந்தவரையும் எடைபோடலாமா என்னும் முணுமுணுப்பு எழுந்தது. அத்தகைய சூழலில் அவர் அந்தோனியன் என்னும் ஆயருக்கு எழுதிய கடிதம் இன்றும் படித்துச் சிந்திக்கத் தக்கது. அழைத்தவுடனே விருப்போடு பலிபீடத்துக்கு ஓடியவனையும், நெடுநேரம் போராடி வதை தாங்காமல் இறுதியில் பணிந்தவனையும் ஒன்றாக எண்ணுதல் தகாது என்கிறார் அவர். தன்னோடு தன் வீட்டார் அனைவரையும் இழுத்துச் சென்றவன் வேறு. மனைவி மக்களைக் காக்கத் தான் ஒருவனே முன்சென்று அப்பழியை ஏற்றவன் வேறு.

பணம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றவனின் வாதத்தையும் அவர் பொறுமையோடு கேட்கிறார். தான் கிறிஸ்தவன், பலியிடுவது தனக்கு ஆகாது என்பதை அதிகாரியிடமே சொல்லி, ஆகாததைச் செய்யாமல் தப்பவே பணம் கொடுத்ததாக அவன் கூறுகிறான். அதுவும் தவறே என்பதை இப்போதுதான் அறிந்ததாகவும் சொல்லி அழுகிறான். அவன் கை தூயது, வாய் தூயது. மனச்சான்று மட்டும் கறைபட்டது. அவனையும் பலியிறைச்சியை உண்டவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எங்ஙனம்? எல்லாப் பாவங்களும் சமம் என்பது ஸ்தோயிக்கத் தத்துவவாதிகளின் கொள்கை. கிறிஸ்தவர் கொள்கை அன்று எனச் சிப்ரியான் தெளிவாகக் கூறிவிடுகிறார்.

கி.பி. 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சான்றிதழ் மட்டும் பெற்றவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து ஏற்பதென்றும், பலியிட்டவர்கள் நெடிய தவமிருந்து மரணத் தறுவாயில் ஏற்கப்படலாம் என்றும் முடிவு செய்தனர். பின்னர் மற்றொரு கொடுமை நெருங்குவதாகத் தோன்றியபோது, தவமிருந்த யாவரையும் ஏற்றுக்கொண்டனர். கி.பி. 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், சிப்ரியான் தம் கழுத்தை வாளுக்குக் கொடுத்தார். முன்பு ஓடியவர் இறுதியில் நின்றார்.

மறைநூலின் இரு முகங்கள்

சிப்ரியானின் முடிவுக்கு மறைநூலில் ஆதாரம் உண்டா? உண்டு. ஆனால், அதற்கு எதிரானது போலத் தோன்றும் கூற்றுகளும் அதே நூலில் உள்ளன.

திருச்சட்டம் முழுவதையும் கடைப்பிடித்து ஒன்றில் மட்டும் தவறியவன் அனைத்திலும் குற்றவாளி ஆகிறான் என்னும் கருத்தை யாக்கோபின் நிருபம் கூறுகிறது. மலைப்பொழிவிலோ இயேசு கொலைக்கு அடியில் கிடக்கும் சினத்தையும், விபசாரத்துக்கு அடியில் கிடக்கும் இச்சையையும் தோண்டி எடுத்து வெளியில் வைக்கிறார். பாவத்தின் சம்பளம் மரணம் எனப் பவுல் எழுதும்போது எந்தப் பாவம் எனப் பிரித்துச் சொல்லவில்லை. இவற்றை மட்டும் படிப்போர், பாவங்கள் யாவும் ஒன்றே என முடிவு கட்டுவது இயல்பு.

அதே நூலின் மறுபக்கத்தைப் புரட்டினால் வேறு காட்சி தோன்றும். பிலாத்துவின் முன் நிற்கும் இயேசு, தம்மை அவனிடம் ஒப்படைத்தவனுக்கே அதிகப் பாவம் உண்டு என்கிறார். தலைவனின் விருப்பத்தை அறிந்தும் செய்யாத ஊழியனுக்குப் பல அடிகளும், அறியாமல் தவறியவனுக்குச் சில அடிகளும் கிடைக்கும் என்னும் உவமை லூக்காவில் உண்டு. புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கணக்காகச் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கண்டிக்கும்போது, சட்டத்தில் கனமானவை உண்டு, இலேசானவை உண்டு என்பது பெறப்படுகிறது. மரணத்துக்கு ஏதுவான பாவமும் உண்டு, அல்லாத பாவமும் உண்டு என்று யோவானின் முதல் நிருபம் வெளிப்படையாகவே பகுக்கிறது.

மலைப்பொழிவும் கூர்ந்து நோக்கத் தக்கது. சினமும் கொலையும் ஒன்றே என்று அது கூறவில்லை. சினமும் தீர்ப்புக்கு உரியது என்றே கூறுகிறது. விதை மரமன்று; ஆயினும், மரம் விதையில் அடங்கியிருக்கிறது. கொலை செய்யாததனால் தான் தூயவன் எனத் தருக்கி நிற்பவனின் தருக்கை உடைக்கவே அவ்வுரை எழுந்தது. சினந்தவனும் கொன்றவனும் ஒன்றாயின், சினந்தவன் கையை அடக்குவதற்கு என்ன காரணம் எஞ்சும்?

நீரும் ஒளியும்

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜொவீனியன் என்னும் உரோமத் துறவி, பாவங்கள் யாவும் சமம் என்னும் கொள்கையை மீண்டும் எழுப்பினார். ஜெரோம் கி.பி. 393 அளவில் அவருக்கு எதிராக ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஆயினும், யாக்கோபின் கூற்று ஒரு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கி.பி. 415-இல் ஆயர் அகுஸ்தீன் அம்முள்ளை எடுக்க முயன்று, ஜெரோமுக்கே ஒரு கடிதம் எழுதினார்.

ஸ்தோயிக்கர் காட்டிய உவமை ஒன்றை அகுஸ்தீன் அக்கடிதத்தில் எடுத்துக்கொள்கிறார். நீருக்குள் மூழ்கியவன் ஒரு சாண் ஆழத்தில் இருந்தாலும் அடியாழத்தில் இருந்தாலும் மூச்சு விட முடியாது; தலை வெளியே வரும்வரை அவன் மூழ்கியவனே. அறமும் அத்தகையதே என்பர் ஸ்தோயிக்கர். அகுஸ்தீன் உவமையை மாற்றுகிறார். மனிதன் பாவத்திலிருந்து மீளுதல் நீரிலிருந்து தலையெடுப்பது போன்றதன்று. இருளிலிருந்து ஒளியை நோக்கி நடப்பது போன்றது என்கிறார். நடக்க நடக்க ஒளி சிறிது சிறிதாகப் படர்கிறது. பாதி வழி வந்தவன் இன்னும் முழு ஒளியில் இல்லை. எனினும், அவன் இருளின் நடுவே கிடப்பவனும் அல்லன்.

யாக்கோபின் கூற்றுக்கும் அவர் பொருள் காண்கிறார். சட்டம் முழுவதும் அன்பு என்னும் ஒன்றில் தொங்குகிறது. எந்தக் கட்டளையை மீறினாலும் அன்பையே மீறியதாகும். ஆகவே, ஒன்றில் தவறியவன் அனைத்துக்கும் வேரானதில் தவறினான். ஆனால், அன்பில் மிகக் குறைந்தவனும் உண்டு. சிறிது குறைந்தவனும் உண்டு. குறைவின் அளவே பாவத்தின் அளவு.

இதே அகுஸ்தீன் தம் தன்வரலாற்று நூலில் ஒரு சிறு திருட்டைப் பற்றி வியப்பூட்டும் அளவுக்கு விரிவாக எழுதியுள்ளார். பதினாறு வயதில் தோழர்களோடு சேர்ந்து, அயலார் மரத்துப் பேரிக்காய்களை இரவில் உலுக்கி எடுத்த செய்தி அது. பசியில்லை, அதைவிட நல்ல கனி வீட்டிலேயே இருந்தது. பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். திருட்டின் மதிப்போ சில காசு. எனினும், தீமையை அதன் சுவைக்காகவே செய்தோமே என்பதே அவரை நெடுங்காலம் வருத்தியது. பொருளின் அளவு ஒன்று, நெஞ்சின் அளவு மற்றொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அளவுகோல்கள் பிறந்த கதை

ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகள் பாவங்களுக்கு ஏற்ற தவங்களைப் பட்டியலிட்டுக் கையேடுகள் வகுத்தனர். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள், இத்தனை ஆண்டு அப்பமும் நீரும் மட்டும் உண்டு நோன்பிருத்தல் என அவை விதித்தன. இன்று படிப்போர்க்குக் கடைக்காரரின் விலைப்பட்டியல் போல அவை தோன்றக் கூடும். ஆனால், அவற்றுள் ஒரு நுட்பம் உண்டு. ஒரே பாவத்துக்குப் பொதுமக்களுக்குக் குறைந்த தவமும், குருமார்க்கு மிகுந்த தவமும் விதிக்கப்பட்டன. அறிந்தவன் பிழைக்கு எடை அதிகம் என்பது அதன் கருத்து.

கி.பி. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம், கிறிஸ்தவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும் என விதித்தது. குருவின் முன் முழந்தாளிடும் எளிய உழவனுக்கும், எதைச் சொல்வது, எதற்கு அஞ்சுவது என்னும் வழிகாட்டுதல் தேவைப்பட்டது. அந்நூற்றாண்டில் வாழ்ந்த அக்குவினா தோமையார் அதனை நுட்பமாக ஆராய்ந்தார். இறையன்பையே அறுத்துவிடும் பாவம் சாவானது. அன்பை அறுக்காமல் தளர்த்தும் பாவம் அற்பமானது. கனமான பொருள், தெளிந்த அறிவு, முழுமனச் சம்மதம் ஆகிய மூன்றும் கூடினால்தான் சாவான பாவம் என்னும் விளக்கத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் கற்பிக்கிறது. 1992-இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூலிலும் இதுவே காணப்படுகிறது. தமிழ்க் கத்தோலிக்கச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக ஒப்புவித்த ஞானோபதேசப் பாடத்திலும், ஆங்காரம் தொடங்கிச் சோம்பல் ஈறாகத் தலையான பாவங்கள் ஏழு வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அவை பிற பாவங்களுக்கு ஊற்றுக் கண்கள் என்பதனாலேயே தலையானவை எனப்பட்டன.

தோமையாரின் வரிசையில் மக்கள் எதிர்பாராத ஒன்று உண்டு. உடலின் பாவங்கள் மிகுந்த வெட்கம் தருவன. ஆயினும், செருக்கு முதலிய உள்ளத்தின் பாவங்களே அவற்றினும் கொடியன என்பது அவர் கருத்து. கி.பி. 1321-இல் மறைந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே, தம் காவியத்து நரகத்தையும் இம்முறையிலேயே அமைத்தார். காமத்தால் வழுவியோர் மேலே இரண்டாம் வட்டத்தில் காற்றில் அலைகின்றனர். நம்பியவரைக் காட்டிக் கொடுத்த துரோகிகளோ ஒன்பதாம் வட்டத்தில், அடியாழத்தில் உறைந்து கிடக்கின்றனர். அங்கே நெருப்பு இல்லை, பனிக்கட்டியே உண்டு. அன்பு முற்றும் அவிந்த இடம் குளிர்ந்துதானே இருக்கும்! ஊரார் வம்பு பேசி இழிக்கும் பாவங்களுக்கும், இறைவன் முன் கனத்து நிற்கும் பாவங்களுக்கும் வரிசை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை அக்காவியம் உணர்த்துகிறது.

சீர்திருத்தம் எழுப்பிய எதிர்ப்பு

அளவுகோல் இருக்குமிடத்தில் அளவையை ஏமாற்றுவோரும் தோன்றுவர். இது சாவான பாவமா, அற்பப் பாவமா என வழக்கறிஞர் போல வாதாடி, எல்லைக்கோட்டின் இப்புறத்தில் ஒட்டி நின்று பிழைக்கப் பார்ப்பவர் பெருகினர். பிரெஞ்சு நாட்டுப் பாஸ்கல் 1656, 1657-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கடிதங்களில் இத்தகைய தளர்ந்த கணக்குகளை எள்ளி நகையாடினார். கத்தோலிக்கராகிய அவரே நகைக்கும் நிலை அது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சீர்திருத்தவாதிகள் இதனை வேரோடு எதிர்த்தனர். எந்தப் பாவமும் தன் இயல்பில் மரணத்துக்கு உரியதே. விசுவாசிகளின் பாவம் மன்னிக்கப்படுவது அது சிறியது என்பதனால் அன்று, இறைவன் இரக்கமுள்ளவர் என்பதனாலேயே எனக் கால்வின் எழுதினார். பாவங்கள் சமம் என்னும் பேச்சு இன்றும் சீர்திருத்தச் சபையினரிடையே மிகுதியாக வழங்குவதற்கு இதுவே வேர்.

ஆனால், அவர்களும் எடை வேறுபாட்டை மறுத்துவிடவில்லை. 1640-களில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய சீர்திருத்த அறிஞர்கள் வகுத்த பெரிய வினாவிடை நூல், பாவங்கள் யாவும் சமமான கொடுமை உடையன அல்ல என ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. செய்தவர் யார், யாருக்கு எதிராகச் செய்தார், செயலின் தன்மை யாது, எந்தக் காலத்தில் எந்த இடத்தில் செய்தார் என்னும் நால்வகைச் சூழலால் பாவம் கனக்கும் என அது விரிக்கிறது. இந்நான்கும் சிப்ரியான் கேட்ட கேள்விகளின் வழித்தோன்றல்களே அல்லவா?

ஆகவே, இரு பெரும் பிரிவினரின் பூசல் வெளித்தோற்றத்தில் பெரிது. உள்ளே நோக்கின் இணக்கமும் உண்டு. எப்பாவமும் மன்னிப்பு வேண்டாத அளவுக்குச் சிறியதன்று என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். எல்லாப் பாவமும் ஒரே எடை உடையன அல்ல என்பதிலும் ஒன்றுபடுகின்றனர். எந்தப் பாவம் ஆன்மாவை அருளினின்று பிரித்துவிடும் என்பதிலேதான் வேறுபடுகின்றனர். கீழைத் திருச்சபையினரோ பாவத்தைக் குற்றமாகக் காண்பதைவிட நோயாகக் காண்பதையே பெரிதும் விரும்புவர். தலைவலியும் புற்றும் ஒன்றல்ல. ஆயினும், இரண்டுக்கும் மருத்துவர் ஒருவரே.

தராசு யார் கையில்?

பாவங்கள் சமம் என்னும் கொள்கை இரு கேடுகளுக்கு வழி வகுக்கும். மெல்லிய மனத்தினர், சிறு பிழைக்கும் தம்மைக் கொலைஞராக எண்ணி நம்பிக்கை இழந்துவிடுவர். வன்மனத்தினர், சிறிதே பெரிது எனின் பெரிதையே செய்துவிடலாமே எனத் துணிந்துவிடுவர். அன்றியும், துன்புறுத்தப்பட்டவரின் முன் நின்று, எல்லோரும் பாவிகளே என்று பொதுவாகச் சொல்லிவிடுவது துன்புறுத்தியவனைக் காப்பாற்றும் சொல்லாக முடிந்துவிடும். அடித்தவனும் அடிபட்டவனும் இறைவன் முன் மன்னிப்பு வேண்டி நிற்பவர்களே. எனினும், அந்த அடி அடித்தவனின் கணக்கிலேயே உள்ளது.

எடை வேறுபாட்டுக் கொள்கையிலும் ஓர் ஆபத்து உண்டு. தன் பாவத்தை எப்போதும் இலேசான தட்டிலும் அயலான் பாவத்தைக் கனமான தட்டிலும் வைப்பது மனித இயல்பு. சிறுபாவம்தானே என்று தள்ளிய துளிகள் சேர்ந்தே ஆறு பெருகுகிறது என அகுஸ்தீனும் எச்சரித்துள்ளார். தராசு தேவையே. அதனைப் பிறரை நிறுக்கத் தூக்கியவன் பரிசேயன் ஆகிறான். தன்னை நிறுக்கத் தூக்கியவன் மனந்திரும்புகிறான்.

மன்னிக்கப்படாத பாவம் ஒன்றைப் பற்றியும் நற்செய்தி நூல்கள் பேசுகின்றன. தூய ஆவிக்கு எதிரான தூஷணம் அது. மன்னிப்பையே இறுதிவரை மறுத்து நிற்கும் மனமே அது எனப் பலர் பொருள் உரைத்துள்ளனர். நீட்டிய கையைத் தட்டிவிடுபவனைத் தூக்கிவிடுவது எங்ஙனம்?

நற்செய்தி நூல்கள் ஒரே இரவில் இருவரின் வீழ்ச்சியைக் காட்டுகின்றன. ஒருவன் முப்பது வெள்ளிக் காசுக்குத் தலைவரைக் காட்டிக் கொடுத்தான். மற்றொருவர் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டே, அவரை அறியேன் என மும்முறை மறுதலித்தார். இரு பாவங்களும் சமமல்ல. ஆயினும், இரண்டும் பெரியனவே. யூதாஸ் காசுகளை வீசியெறிந்து இருளுக்குள் தனியே சென்றான். பேதுரு வெளியே சென்று மனங்கசந்து அழுதார். பின்பு மீண்டு வந்தார். மறுதலித்த அவரே திருச்சபையின் தலைவராக நின்றார்.

கார்த்தேஜ் நகரில் தலைகுனிந்து வாயிலில் நின்ற மக்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறு இருந்திருக்க முடியாது. அவர்கள் செய்ததை யாரும் சிறிதென்று சொல்லவில்லை. சிறிதென்று சொல்லியிருந்தால் அவர்களின் கண்ணீருக்கே மதிப்பு இல்லாமல் போயிருக்கும். ஒவ்வொருவர் பாவத்தையும் அதன் எடையோடு கேட்டறிந்தனர். அதற்கேற்ற தவத்தை விதித்தனர். இறுதியில் கதவைத் திறந்தனர். பாவத்துக்கு எடை உண்டு என்பதை உணர்ந்த சமயமே, அதனைச் சுமந்து வருவோர் தோளிலிருந்து இறக்கி வைக்கவும் அறியும்.